ஜெர்மனியில் சிம் வாங்குமுன்: கோபுரம் யாருடையது, ஃபோனில் என்ன பேண்ட், தாளில் என்ன பெயர்

நெக்கார்க்கரை எழுதியது:

அக்டோபரில் குளிர்கால செமஸ்டர் தொடங்குகிறது, ஊரிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். வருடா வருடம் இதே கேள்விகள்தான். ஆல்டி சூப்பர் மார்க்கெட்டின் ஆல்டி டாக் சிம் போதுமா, டெலிகோம்தான் வேண்டுமா, ஊரில் வாங்கிய ஃபோன் இங்கே ஓடுமா, வீட்டு இணையத்துக்கு இரண்டு வருட ஒப்பந்தம் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் வருகிறவர்களுக்கு இந்த இழையையே அனுப்பிவிடலாம். காரணத்தோடு எழுதுங்கள்.

அலைவரிசை எழுதியது:

பிராண்டிலிருந்து தொடங்காதீர்கள், கோபுரத்திலிருந்து தொடங்குங்கள். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் எத்தனை பெயரில் சிம் தொங்கினாலும் சொந்தமாக வலை வைத்திருப்பவர்கள் நான்கே பேர்: டெலிகோம், வோடஃபோன், டெலிஃபோனிகாவின் ஓ2, 1உண்ட்1. இ-பிளஸ் என்று பழைய ஆட்கள் சொல்வது 2014இல் ஓ2வோடு சேர்ந்துவிட்டது. நான்காவதான 1உண்ட்1, 2019 ஏலத்தில் அலைக்கற்றை எடுத்து, 2023 டிசம்பரில்தான் கைபேசிச் சேவையைச் சொந்த வலையில் தொடங்கியது. அவர்களுடைய ஆன்டெனா இல்லாத இடங்களில் வாடிக்கையாளர் இரவல் வலையில் ஓடுகிறார். முதலில் அது ஓ2வாக இருந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து வோடஃபோனுக்கு மாறத் தொடங்கினார்கள்.

மற்ற பெயர்களெல்லாம் இந்த வலைகளின் மேல்தான் நிற்கின்றன. ஆல்டி டாக், ப்ளாவ், ஃபோனிக் எல்லாம் ஓ2. லிடில் கனெக்ட், சைமன் மொபைல் இரண்டும் வோடஃபோன். காங்ஸ்டார், ஃப்ரெங்க், பென்னி மொபில், எடெகா ஸ்மார்ட் எல்லாம் டெலிகோம். ஆகவே "ஆல்டி நல்லதா?" என்று கேட்பது, "நான் தங்கப்போகும் தெருவில் ஓ2 எப்படி?" என்று கேட்பதுதான். இதற்கு நாடு முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையமான பன்டஸ்நெட்ஸ்அகென்டூர் தன் தளத்தில் மொபில்ஃபுங்க்-மானிட்டரிங் என்ற வரைபடத்தை வைத்திருக்கிறது. முகவரியைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு அங்கே 2ஜி, 4ஜி, 5ஜி என்று காட்டும். அது வெட்டவெளிக் கணக்கு என்பதை மறக்காதீர்கள். தடித்த செங்கல் சுவர் பழைய கட்டடம், உலோகப் பூச்சுக் கண்ணாடி போட்ட புதுக் கட்டடம், பாதி மண்ணுக்குள் இறங்கிய சூட்டராங் அறை, இந்த மூன்றிலும் வரைபடம் காட்டும் சிக்னல் அப்படியே உள்ளே வராது. ரயில் ஜன்னலிலும் அதே பூச்சுதான்.

இனி ஃபோன். ஜெர்மனியில் எல்டிஇ, அதாவது 4ஜி, ஓடும் பேண்டுகள் (அலைவரிசைப் பட்டைகள்) 1, 3, 7, 8, 20, 28. இந்தியாவில் பெரும்பாலும் 1, 3, 5, 8, 40, 41. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது இடிக்கிறது என்று தெரியும்: பேண்ட் 20, அதாவது 800 மெகாஹெர்ட்ஸ். 2010 ஏலத்தில் போன இந்த அலைக்கற்றையை முதலில் கிராமப்புறத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள். தூரம் போகும், சுவரைத் துளைக்கும். இந்தியாவில் இது கிடையாது என்பதால் அங்கே விற்கும் விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஃபோன் நகரத்தில் பேண்ட் 3இல் ஜோராக ஓடும், ஊருக்கு வெளியே போனதும் 'சேவை இல்லை' என்று நிற்கும். பழி சிம்முக்குப் போகும்.

பார்ப்பது எப்படி: செட்டிங்ஸில் 'ஃபோனைப் பற்றி' என்ற இடத்தில் மாடல் எண்ணை எடுங்கள். மாடல் பெயர் போதாது, ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என்று விற்கிறார்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு எல்டிஇ பட்டியலில் 20 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விமானம் ஏறுமுன் ஃபோனை மாற்றுங்கள், இங்கே வந்து சிம் மாற்றிப் பயனில்லை.

அடுத்தது வோல்டிஇ, அதாவது 4ஜி வழியே பேசும் வசதி. 2021இல் ஜெர்மனியில் 3ஜி முழுவதுமாக நின்றுவிட்டது. பேச்சு இப்போது 4ஜி வழியே போக வேண்டும், இல்லையென்றால் 2ஜிக்கு இறங்க வேண்டும், நடுவில் படி இல்லை. ஊர் ஃபோனில் ஜெர்மன் நிறுவனத்துக்கான அமைப்பு இல்லாவிட்டால் வோல்டிஇ எழும்பாது. சோதனை எளிது. டேட்டாவை ஆன் செய்து, வைஃபையை அணைத்து, யாரையாவது அழையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேல்பட்டையைப் பாருங்கள். 4ஜி அல்லது எல்டிஇ என்ற எழுத்து நின்றால் சரி. ஆங்கில 'இ' என்று மாறினால் பேச்சு 2ஜியில் போகிறது, அந்த நேரம் வாட்ஸ்அப், மேப் எதுவும் அசையாது.

டோர்ட்முண்ட் தம்பி எழுதியது:

நல்ல விளக்கம் அண்ணை. எங்கட பக்கம் வயசான ஆக்கள் கனபேர் இன்னும் பட்டன் போன்தான் வச்சிருக்கினம். 2ஜியையும் நிப்பாட்டப் போகினம் என்டு கேள்விப்பட்டன். அவையளுக்கு என்ன செய்யிறது? அதோட, சிம் இல்லாத பழைய போனை அவசரத்துக்கு எண்டு காருக்க வச்சிருக்கிறவையும் இருக்கினம்.

அலைவரிசை எழுதியது:

இரண்டுமே முக்கியமான கேள்வி தம்பி.

டெலிகோம் 2ஜியை 2028 ஜூன் 30ஆம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறது. வோடஃபோனும் அதே ஆண்டைத்தான் சொல்லியிருக்கிறது. பட்டன் ஃபோனே வேண்டும் என்றால் பெட்டியில் '4ஜி' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். டேட்டாவுக்கு 4ஜி, பேச்சுக்கு 2ஜி என்ற மாடல்களும் கடையில் உண்டு. 'வோல்டிஇ' என்ற சொல் விவரத்தாளில் இருக்க வேண்டும். வாங்கியதும் அந்த 'இ' சோதனையைச் செய்துவிட்டு அப்பா அம்மா கையில் கொடுங்கள்.

காரில் வைத்திருக்கும் சிம் இல்லாத ஃபோனை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜெர்மனியில் 2009 ஜூலையிலிருந்து சிம் இல்லாமல் 112 போகாது. சிம் போட்டு, அது உயிரோடு இருந்தால் போதும். சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு எந்த வலை கிடைக்கிறதோ அதன் வழியே 112 போகும்.

தாள்படிப்பவள் எழுதியது:

பிரீபெய்டுக்குப் பெயர்ப் பதிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் சிக்குவது இங்கேதான்.

2017 ஜூலை 1 முதல் பிரீபெய்ட் சிம்மானாலும் அடையாள அட்டையைக் காட்டிச் சரிபார்த்த பிறகே உயிர் பெறும். முக்கியமான வழி மூன்று: கடையிலேயே, வீடியோ அழைப்பில், அல்லது தபால் நிலையத்தில் அட்டையைக் காட்டும் போஸ்ட்ஐடென்ட். வீடியோ அழைப்பில் அட்டையைச் சாய்த்துச் சாய்த்து ஒளிப்படலத்தைக் காட்டச் சொல்வார்கள். எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் எல்லா நிறுவனமும் அதில் ஏற்பதில்லை. மறுத்தால் திரும்பத் திரும்ப முயலாமல் போஸ்ட்ஐடென்ட் கூப்பனை அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

பெயர் விஷயம் அதைவிடச் சிக்கல். தமிழ்ப் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். ஜெர்மன் படிவம் நாஃக்நாமே (குடும்பப்பெயர்) கட்டத்தை நிரப்பாமல் விடாது. ஒருவர் அங்கே ஒரு கோடு போடுவார், இன்னொருவர் முதல்பெயரையே இரண்டு முறை எழுதுவார், கடைக்காரர் தனக்குத் தோன்றியபடி பிரிப்பார். சிம் வேலை செய்துகொண்டிருக்கும் வரை இது வெளியே தெரியாது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் அன்று வெடிக்கும்: முதல்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் எண் மாற்றம் நிராகரிக்கப்படும். அதனால் முதல் சிம் எடுத்த அன்றே கணக்குக்குள் போய்ப் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, வாடகை ஒப்பந்தம், வீட்டு இணையம் எல்லாவற்றிலும் அதே பிரிப்பையே எழுதுங்கள்.

எண் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: பழைய நிறுவனத்தின் செயலியில் முதலில் எண்ணை விடுவிக்க வேண்டும், பிரீபெய்டில் இது தானாக நடக்காது. பிறகு புதிய இடத்தில் விண்ணப்பியுங்கள். 2021 டிசம்பரிலிருந்து இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. மாறும் நாளில் ஒரு வேலைநாளுக்கு மேல் தொடர்பு அறுந்திருக்கக் கூடாது, அதற்கு மேல் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 10 யூரோ கேட்கலாம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை எடுத்தால் எண் மட்டும்தான் போகும், ஒப்பந்தம் சாகாது. புது எண் ஒன்றைக் கொடுத்துக் கடைசி மாதம் வரை பணம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ரத்துக் கடிதம் தனியாக அனுப்ப வேண்டும்.

ரூர்வாசி எழுதியது:

பிரீபெய்டையே ஏன் எல்லோரும் பிடித்துக்கொள்கிறீர்கள்? 24 மாத ஒப்பந்தம் எடுத்தால் அதே விலைக்கு இரண்டு மடங்கு டேட்டா, ஃபோனும் சேர்த்து வருகிறது. சட்டம் மாறிவிட்டதே, எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம்.

தாள்படிப்பவள் எழுதியது:

இந்தப் புரிதல் தவறு. தயவுசெய்து இதை நம்பி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

2021 டிசம்பர் 1இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத் திருத்தம் சொல்வது இதுதான்: குறைந்தபட்சக் காலம் 24 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலம் *முடிந்த பிறகு* ஒப்பந்தம் தானாக நீண்டால், அதிலிருந்து ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போதும் விலகலாம். முன்பு ஒரு நாள் தவறினாலும் இன்னொரு வருடம் மாட்டிக்கொள்வோம், அது போய்விட்டது. முதல் 24 மாதம் அப்படியே கட்டுகிறது. 12 மாத ஒப்பந்தமும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

14 நாளில் திரும்பப் பெறும் உரிமை இணையத்திலோ தொலைபேசியிலோ எடுத்ததற்கு உண்டு. வீட்டுக் கதவைத் தட்டி ஃபைபர் விற்பவரிடம் கையெழுத்துப் போட்டதற்கும் உண்டு. கடைக்குள் நடந்து போய் எடுத்த ஒப்பந்தத்துக்குச் சட்டப்படி கிடையாது. தொலைபேசியில் "யா" என்று சொன்னதால் மட்டும் ஒப்பந்தம் ஆகாது. ஒப்பந்தச் சுருக்கத்தாளை எழுத்தில் அனுப்பி, நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

விலகுவதற்கு 2022 ஜூலையிலிருந்து நிறுவனத்தின் தளத்தில் ரத்துப் பொத்தான் இருந்தே ஆக வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதற்கு லாகின் கேட்கக் கூடாது. அழுத்தியதும் உறுதி மின்னஞ்சல் வர வேண்டும், அதைப் பத்திரப்படுத்துங்கள். "எங்களைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்யுங்கள்" என்று பதில் வந்தால் அழைக்க வேண்டிய அவசியம் இல்லை, வேறு சலுகையைத் தலையில் கட்டத்தான் அந்த அழைப்பு.

பிரீபெய்டில் கவனிக்க வேண்டியது ஒன்றே. தொகுப்பு 28 நாள், மாதம் அல்ல. வருடத்துக்கு 13 முறை பணம் போகும். 9.99 யூரோ தொகுப்பு வருடத்துக்கு 119.88 அல்ல, 129.87.

புதிதாக வருபவருக்கு ஷூஃபா (கடன் நம்பகத்தன்மை) பதிவு இருக்காது என்பதால் ஒப்பந்தச் சிம் மறுக்கப்படவும் வாய்ப்புண்டு. இன்னொன்று, வங்கிக் கணக்கு வேறு ஐரோப்பிய நாட்டினுடையதாக இருந்தால், ஜெர்மன் ஐபான் (வங்கிக் கணக்கு எண்) தான் வேண்டும் என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை இல்லை. ஐரோப்பியப் பணப்பரிமாற்றத்துக்கான செப்பா விதி எண் 260/2012 அதைத் தடுக்கிறது. அந்த விதியைச் சுட்டி ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

ரூர்வாசி எழுதியது:

சரி அக்கா, "முடிந்த பிறகு" என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். திருத்தத்துக்கு நன்றி.

டோர்ட்முண்ட் தம்பி எழுதியது:

பாரிசில, சூரிச்சில, லண்டனில சொந்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கு ரோமிங் பற்றியும் சொல்லுங்கோ. இலவசம் என்டு நினைச்சு இங்கயிருந்து பாரிசுக்கு எடுத்துக் கதைச்சா பில் வருது.

அலைவரிசை எழுதியது:

ரோமிங் என்பது நீங்கள் அங்கே *போயிருக்கும்போது*. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனால் உள்ளூர் விலைதான், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும் சேர்த்தி. டோர்ட்முண்டில் உட்கார்ந்துகொண்டு பாரிஸ் எண்ணை அழைப்பது ரோமிங் அல்ல, வெளிநாட்டு அழைப்பு. அதற்கு 2019 மே மாதத்திலிருந்து நிமிடத்துக்கு 19 சென்ட், குறுஞ்செய்திக்கு 6 சென்ட் என்று உச்சவரம்பு உண்டு. அதன் மேல் ஜெர்மன் வரி 19 விழுக்காடு, ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 22.6 சென்ட்.

டேட்டாவில் ஒரு வரம்பு இருக்கிறது. அளவில்லாத் தொகுப்பு வைத்திருந்தாலும் ரோமிங்கில் குறிப்பிட்ட அளவுதான் கொடுக்க வேண்டும். கணக்கு இப்படி: வரி நீக்கிய மாத விலையை மொத்தவிலை உச்சவரம்பால் (நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கேட்கக்கூடிய அதிகபட்ச விலை) வகுத்து இரண்டால் பெருக்க வேண்டும். உச்சவரம்பு ஜிபிக்கு 2025இல் 1.30 யூரோ, 2026இல் 1.10, 2027இல் 1. மாதம் 29.75 யூரோ என்றால் வரி போக 25. 2026இல் 25ஐ 1.10ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் சுமார் 45 ஜிபி. நான்கு மாதப் போக்கைப் பார்த்து, பெரும்பாலும் வெளியிலேயே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் கூடுதல் கட்டணம் போடலாம். ஜெர்மன் சிம்மை வாங்கிக்கொண்டு நிரந்தரமாகப் பாரிசில் ஓட்ட முடியாது.

சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் இந்த ஏற்பாட்டில் இல்லை. சில தொகுப்புகள் அவற்றையும் சேர்த்துக்கொடுக்கின்றன, விலைப்பட்டியலில் நாட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். லோராக், கான்ஸ்டான்ஸ் மாதிரி எல்லை ஊர்களில் இருப்பவர்கள் ஃபோனில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைத்தேர்வுக்கு மாற்றி ஜெர்மன் வலையைப் பூட்டிவைக்க வேண்டும். நீங்கள் எல்லையைத் தாண்டவே வேண்டாம், சுவிஸ் கோபுரத்தின் அலை தாண்டி வந்து ஃபோனைப் பிடித்துக்கொள்ளும்.

ஊருக்குப் போகும்போது டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வரி நீங்கலாக 50 யூரோ, வரியோடு 59.50 ஆனதும் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு உண்டு. அந்த அறுபது யூரோ சில நிமிடங்களில் போய்விடும்.

செம்புக்கம்பி எழுதியது:

வீட்டு இணையத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சுவரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று துளைப் பெட்டி என்றால் அது டிஏஇ, அதாவது தொலைபேசிச் செம்புக் கம்பியின் முனை, அதில் டிஎஸ்எல் இணையம் வரும். நடுத்துளை 'எஃப்', ரௌட்டர் கம்பி அங்கேதான் போகும். இரண்டு பக்கத்து 'என்' துளைகள் பழைய ஃபேக்ஸ் இயந்திரத்துக்கானவை. வட்ட வட்டமாகத் திருகு முனைகள் இருந்தால் அது டிவி கேபிள், அதில் வேகம் நொடிக்கு 1000 மெகாபிட் வரை விற்பார்கள். பதிவிறக்கம் 1000, பதிவேற்றம் 50 என்ற விகிதத்தைக் கவனியுங்கள். ஒரு கிளையை அக்கம்பக்கத்து வீடுகள் பகிர்ந்துகொள்வதால் மாலை எட்டு மணிக்குத் தொய்வு வரும். டிஎஸ்எல்லில் தெருமுனைச் சாம்பல்நிறப் பெட்டியிலிருந்து தூரம்தான் எல்லாம். 250 என்று விற்கும் சூப்பர்வெக்டரிங் என்ற டிஎஸ்எல் வகை சில நூறு மீட்டருக்குள்தான் அந்த வேகம் தரும்.

2024 ஜூலையிலிருந்து வீட்டுக்காரர் கேபிள் டிவிக் கட்டணத்தை வாடகையோடு வாங்கும் துணைச்செலவில் ஏற்ற முடியாது. டிவி ஒப்பந்தம் இல்லாமலே கேபிள் இணையம் எடுக்கலாம். ரௌட்டரையும் இணைய நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை, 2016 ஆகஸ்டிலிருந்து சொந்த ரௌட்டர் வைக்கும் உரிமை உண்டு.

வீட்டில் கேமரா, சர்வர் வைத்து வெளியிலிருந்து பார்க்க நினைப்பவர்கள் ஆர்டர் செய்யுமுன் 'டிஎஸ்-லைட்'டா என்று கேளுங்கள். அப்படியென்றால் உங்களுக்கென்று தனி ஐபிவி4 இணைய முகவரி இல்லை, பலரோடு பகிர்ந்தது. வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை அமைத்தாலும் வேலை செய்யாது.

தொழில்நுட்பர் வரும் நாளில் தோற்றுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, அழைப்புமணிப் பலகையில் உங்கள் பெயர் இல்லை. அவரிடம் அறை எண் இருக்காது, பெயர்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள பெயரைத் துண்டுத்தாளில் எழுதியாவது ஒட்டுங்கள். இரண்டு, தொலைபேசிக் கம்பி கட்டடத்துக்குள் நுழையும் ஏபிஎல் பெட்டி இருக்கும் நிலவறைக்குச் சாவி இல்லை. முந்தின நாளே ஹவுஸ்மைஸ்டரிடம் (கட்டடப் பராமரிப்பாளர்) வாங்கி வையுங்கள். நீங்கள் இருந்தும் தொழில்நுட்பர் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 விழுக்காடு, எது அதிகமோ அது உங்களுக்கு.

இணைப்பு முழுவதும் செத்துவிட்டால் அன்றே புகார் எண் வாங்குங்கள், கடிகாரம் அதிலிருந்துதான் ஓடும். மூன்றாம், நான்காம் நாளுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 விழுக்காடு. ஐந்தாம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 விழுக்காடு. இரண்டிலும் அதிகமானது எதுவோ அது.

நெக்கார்க்கரை எழுதியது:

செத்தால் சரி, வேகம் குறைந்தால்? 250க்குப் பணம் கட்டி 90 வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். மொபைலில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்பினால் ஏற்க மறுக்கிறார்களாம்.

செம்புக்கம்பி எழுதியது:

வைஃபையில் எடுத்த எந்த அளவீடும் செல்லாது. பன்டஸ்நெட்ஸ்அகென்டூர் ஆணையத்தின் 'பிரைட்பாண்ட்மெஸ்ஸுங்' என்ற வேகம் அளக்கும் கணினிச் செயலி வேண்டும், மடிக்கணினியை லேன் கம்பியால் ரௌட்டரில் செருக வேண்டும், வைஃபையை அணைக்க வேண்டும். பழைய லேன் அடாப்டர் 100ஓடு நின்றுவிடும், கிகாபிட் அடாப்டரா என்று முதலில் பாருங்கள். அளக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்கக் கூடாது.

மொத்தம் 30 அளவீடு. மூன்று நாள், நாளுக்குப் பத்து. இரண்டு நாளுக்கு நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி, எல்லாம் 14 நாளுக்குள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடையே ஐந்து நிமிடம், ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையே மூன்று மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டு காலையில் ஐந்து, மாலை எட்டு மணி வாக்கில் ஐந்து எடுத்தால் நெரிசல் நேரமும் பதிவாகும்.

ஒப்பந்தத்தோடு வந்த தயாரிப்புத் தாளில் மூன்று எண் இருக்கும். உதாரணத்துக்கு உச்சம் 250, வழக்கம் 200, குறைந்தது 175 என்று வைப்போம். மூன்றில் இரண்டு நாளாவது ஒரு முறையேனும் 225ஐத் தொடாவிட்டால் குறைபாடு. முப்பதில் 27 முறையாவது 200 வராவிட்டாலும் குறைபாடு. இரண்டு நாளில் தலா ஒரு முறையேனும் 175க்குக் கீழே போனாலும் குறைபாடு. மூன்றில் ஒன்று போதும். செயலியே அறிக்கை தயாரித்துக் கொடுக்கும். அதை இணைத்து, கட்டணத்தைக் குறைக்கிறீர்களா அல்லது ஒப்பந்தத்தை உடனே முடிக்க விடுகிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டுமே உங்கள் உரிமை, எது வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள்தான்.

அதற்கு முன் ஒரு வேலை. ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரௌட்டர் வைத்திருந்தால் டிஎஸ்எல் தகவல் பக்கத்தைத் திறந்து, கம்பி எவ்வளவுக்கு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே 250 காட்டி கணினியில் 90 வந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளே. அங்கேயே 90 என்றால், டிஏஇயில் பத்து மீட்டர் தட்டையான நீட்டிப்புக் கம்பி போட்டிருக்கிறார்களா, அதே இணைப்பில் அடுத்த அறைக்கு இன்னொரு டிஏஇ கிளை பிரிகிறதா என்று பாருங்கள். கிளையைக் கழற்றி, ரௌட்டரோடு வந்த குட்டைக் கம்பியால் முதல் டிஏஇயில் நேராகச் செருகிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே பக்கத்தை மறுபடி திறங்கள். எண் ஏறவில்லை என்றால் மட்டும் முப்பது அளவீட்டைத் தொடங்குங்கள்.

தாள்படிப்பவள் எழுதியது:

வீடு மாறுகிறவர்களுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது முகவரியில் அதே நிறுவனம் சேவை தர முடிந்தால் பழைய விலையில், மீதிக் காலத்துக்குத் தர வேண்டும், 24 மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணக் கூடாது. தர முடியாவிட்டால் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். மாணவர் விடுதியில் இணையம் ஏற்கெனவே வாடகையில் சேர்ந்து வரும் இடங்கள் உண்டு, ஆர்டர் செய்யுமுன் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். புது முகவரிக்கான அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) தாளை, பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.